அஞ்சலை எடுக்காத பூ

1

இந்த வருஷத்துச் சீட்டு நேற்றுத் தபாலில் வந்தது. பழுப்பு உறை, அரசாங்க முத்திரை, உள்ளே டைப் அடித்த நான்கு வரிகள். இதை வைத்திருப்பவர் தோட்டத்து நாகலிங்க மரத்திலிருந்து திங்கட்கிழமைதோறும் ஒரு பூ, ஒன்றுக்கு மேற்படாமல், பறித்துக்கொள்ளலாம். கீழே துரையின் கையெழுத்து.

இது எனக்கு வந்த நான்காவது சீட்டு. நான்கையும் சேர்த்து நான் இதுவரை பறித்த பூ ஒன்றுகூட இல்லை. வேண்டாம் என்று எழுதிப் போட்டால், ஏன் வேண்டாம் என்று கேட்டு ஒரு கடிதம் வரும். அதனால் எழுதவில்லை. ஓர் ஆபீஸ் ஏட்டில் பெயர் ஏறிவிட்டால், ஜனவரி பிறந்ததும் சீட்டு தானாகவே கிளம்பிவிடும். முப்பத்து நான்கு வருஷம் நானும் அப்படிச் சீட்டு அனுப்பிய கிராணிதான், அதாவது குமாஸ்தா.

மருமகள் உறையைக் கொண்டுவந்து, "உங்க பூ லைசென்ஸ் வந்திருச்சு மாமா," என்றாள். பேத்தி சிரித்தாள். அவளுக்கு ஒன்பது வயது. கான்வெண்டில் படிக்கிறாள். தமிழில் அவள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "தாத்தா, இன்னைக்கு எத்தனை மங்கி?"

"முப்பத்தெட்டு," என்றேன், காலையில் தோட்டத்துக் குரங்குகளை எண்ணிவந்த கணக்குப்படி.

"நேத்து நாப்பத்தொண்ணு. மூணு எங்க?"

அந்த மூன்றும் எங்கே போயின என்று எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் உறையைக் கையில் வைத்துக்கொண்டு குரங்கைப் பற்றி யோசிக்க முடியவில்லை. இந்தச் சீட்டு எப்படி வந்தது என்பது என் வீட்டில் மகன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான்காவது வருஷமும் நான் பேசாமல் இருந்தால் ஐந்தாவது சீட்டு வரும்போது நான் இருப்பேனோ மாட்டேனோ. அதனால் எழுதுகிறேன்.

2

தோட்டத்தைப் பற்றி இதே பத்திரிகையில் முன்பு எழுதியிருக்கிறேன். படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

பினாங்கில், ஜார்ஜ் டவுன் நகரம் முடிந்து மலை தொடங்கும் இடத்தில் அது இருக்கிறது. சர்க்கார் வைத்த பெயர் நீளமானது. தமிழர்கள் அருவித் தோட்டம் என்று முடித்துவிடுவோம். மூன்று பக்கமும் மலை. நடுவில் புல்வெளி, ஓடை, அல்லிக்குளம், உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ கொண்டுவந்து நட்ட மரங்கள். ஒவ்வொன்றின் காலடியிலும் பெயர் எழுதிய தகரம். மலையில் விழுகிற அருவித் தண்ணீர்தான் நகரத்துக் குழாய்களில் வருகிறது. சாயங்காலங்களில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் மோட்டாரில் வருவார்கள். சீன முதலாளிகளான தவுக்கேமார் குடும்பத்தோடு வருவார்கள். வெள்ளிக்கிழமைகளில் சூலியா தெருக் கடைக்காரர்கள் கச்சான் கடலைப் பொட்டலம் வாங்கிவந்து குரங்குகளுக்குப் போடுவார்கள். யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. நுழைவதற்கு ஒரு காசும் இல்லை. இப்படி ஒரு இடம் நம் பக்கத்தில் எந்த ஜமீன்தாருக்கும் கிடையாது என்று முன்பு எழுதினேன். அதை இன்றும் மாற்ற மாட்டேன்.

என் வீட்டு வாசலிலிருந்து தோட்டத்து இரும்புக் கதவு வரை என் நடையில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது காலடி. மழை பெய்திருந்தால் எழுபது கூடும். உள்ளே பெஞ்சுகள் இருபத்து மூன்று. பதினேழில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மற்ற ஆறும் எப்போதும் ஈரம். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் முறை போனேன். அதற்குப் பிறகு போகாத நாட்கள் பதினொன்று. எட்டு காய்ச்சலால், மனைவி இறந்தபோது இரண்டு, ஒன்று, நான் சொல்லப்போகும் அந்தக் காலையின் மறுநாள்.

அல்லிக்குளம் தாண்டி, பாதை வளைகிற இடத்தில் நாகலிங்க மரம் நிற்கிறது. நம் ஊர்ச் சில சிவன் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். பூ கிளையில் பூக்காது. அடிமரத்திலேயே கயிறு கயிறாகத் தொங்கும் காம்புகளில் பூக்கும். உள்ளே சின்ன லிங்கம், மேலே நாகம் குடை பிடித்த மாதிரி. வாசனை இருபது அடிக்கு வரும். துரைமார் அதைக் கப்பல் பீரங்கிக் குண்டின் பெயரால் அழைக்கிறார்கள், அதன் காய்க்காக. எங்கள் மரம் காய்ப்பது அபூர்வம்.

மரத்தடியை விடியுமுன்பே கூட்டி வைப்பவள் அஞ்சலை. அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் ரப்பர் தோட்டத்தில் மலேரியாவில் போனபின் பட்டணத்துக்கு வந்து, இந்தத் தோட்டத்தில் கூட்டுகிற வேலையில் சேர்ந்தவள். குழந்தை இல்லை. வேலையாட்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில் ஓர் அறை. நான் அந்த மரத்தைக் கும்பிடுவதைப் பார்த்த நாளிலிருந்து, உதிர்ந்த பூக்களில் வாடாதவற்றைத் தேக்கிலையில் எடுத்துப் பெஞ்சின் ஓரத்தில் வைப்பாள்.

"விழுந்த பூ சாமிக்கு ஆகாதும்மா," என்றேன் முதல் நாள்.

"பவழமல்லி விழுந்தாத்தானங்க எடுக்கிறோம்?"

"அது வேற."

"இதுவும் தரையத் தொடலீங்க ஐயா. துணி விரிச்சுப் புடிச்சேன்."

வேண்டாம் என்று கையை ஆட்டினேன். விழுந்த பூ ஆகாது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, அது அவள் கைபட்ட பூ என்பது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. கடல் தாண்டி வந்தவன், கண்டவர்களோடு ஆபீஸில் மேஜை போட்டு உட்கார்ந்தவன், பூவுக்கு மட்டும் கை பார்த்தேன். அவள் அதைப் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகும் இலையில் வைப்பதை நிறுத்தவில்லை. நான் எடுக்காமல் போனால், வேலை முடிந்ததும் தன் அறைச் சாமி படத்துக்குக் கொண்டுபோவாள்.

3

ரப்பர் விலை விழுந்த வருஷங்களை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தினார்கள். கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பினார்கள். பட்டணத்து ஆபீஸ்களிலும் ஆள் குறைப்பு. என் மகன் ராஜன் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் கிராணி. அங்கே பதினெட்டுப் பேரில் ஏழு பேரை நிறுத்தப் போவதாகப் பேச்சு வந்தது. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான், சாப்பிட மாட்டான்.

நான் பதினாறு திங்கட்கிழமை நாகலிங்கப் பூ சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். தோட்டத்தில் பூப் பறிக்கக் கூடாது என்று வாசலில் மூன்று பாஷையில் பலகை இருக்கிறது. அதில் தமிழும் ஒன்று. தினமும் படித்துக்கொண்டே நுழைவேன். ஒரு பூ, அதுவும் சாமிக்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறு மணிக்கு மரத்தடியில் அஞ்சலையைத் தவிர யாரும் இல்லை. அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு கூட்டுவாள். பத்துத் திங்கட்கிழமை, பத்துப் பூ. யாருக்கும் தெரியவில்லை.

பதினோராவது திங்கட்கிழமை மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். காம்புகளில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது. எண்ணினேன். பதினான்கு. அன்று மலர்ந்த பூக்களிலும், மலரப் போகிற மொட்டுகளிலும் ஒவ்வொரு முடிச்சு.

மரத்தில் மஞ்சள் நூலைப் பார்த்தால் நம்மவர் யாருக்கும் வேறு நினைப்பு வருமா? யாரோ வேண்டிக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வேலையாட்களில் யாராவது இருக்கும். அந்த வருஷம் வேண்டுதல் இல்லாத வீடு எது? வேண்டிக் கட்டிய பூவைத் தொடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு எனக்கே வாதாடினேன். கட்டியவர் கேட்டதும் சாமியிடம்தான், பூ போகப் போவதும் சாமியிடம்தான், நான் எடுத்துச் செல்கிறவன் மட்டும். சாதாரணப் பூவைவிட இதற்குப் பலன் அதிகம் என்றும் மனசு சொல்லியது. ஐந்தெழுத்துக்கு ஐந்து என்று கணக்கிட்டு, நூலோடு ஐந்து பூக்களைப் பறித்துத் துணிப்பைக்குள் வைத்தேன். அதில் ஒரு முடிச்சு அவிழ்ந்து நூல் கீழே விழுந்துவிட்டது. தேடினேன். இருட்டில் கிடைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை புதிதாகப் பன்னிரண்டு நூல். மறுபடி ஐந்து பறித்தேன். ஆக, நூல் கட்டிய பூ மட்டும் பத்து.

4

அன்று நான் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து குரங்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். துணிப்பை பக்கத்தில், அதன்மேல் குடை. ஏழு மணிக்குத் துரை வந்தார். தோட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி. கையில் ஒரு சின்ன பிரஷ், ஒரு டப்பா. நல்ல மனிதர். என் குரங்குக் கணக்கை ஒருமுறை கேட்டு வாங்கித் தம் புத்தகத்தில் குறித்துக்கொண்டவர். மரத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது. மண்டோரைக் கூப்பிட்டார். மண்டோர் என்றால் வேலையாட்களின் தலைவன். அவன் நம்மவன்தான். துரையோடு மலாயில் பேசுவான்.

கால் மணி நேரத்தில் மண்டோர் அஞ்சலையைக் கூட்டிவந்தான். அவளுடைய வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது.

"கையிலயே கட்டிக்கிட்டுத் திரியிறா," என்றான் என்னைப் பார்த்து. "ரூம்புல சாமி படத்துக்கு முன்னால ஏழு பூவு. இதுக்கு மேல என்ன வெசாரணை?"

துரை அவனைத் தூரமாகப் போய் நிற்கச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, இங்கிலீஷில், மண்டோர் சொல்வதை மட்டும் நம்பி ஒருத்தியின் பிழைப்பில் கை வைக்க எனக்கு மனமில்லை, நீங்கள் படித்தவர், இதில் உங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, நான் கேட்பதை அவளுக்கும் அவள் சொல்வதை எனக்கும் அப்படியே சொல்வீர்களா என்று கேட்டார்.

சொல்வேன் என்றேன்.

மரத்தடியில் மூன்று பேர் நின்றோம். பெஞ்சு ஆறடி தூரம். பைக்குள்ளிருந்து வாசனை வருகிறதோ என்று எனக்குப் பயம். மரமே வாசனை வீசிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

நூல் எப்படி வந்தது என்று துரை கேட்டார்.

"போன வாரம் கூட்டுறப்ப கீழ கெடந்துச்சுங்க. யாரோ வேண்டிக் கட்டுன நூலு. குப்பையில போவக்கூடாது, கால்ல படக்கூடாதுன்னு கையில கட்டிக்கிட்டேன்."

இதை அப்படியே சொன்னேன். துரைக்கு விளங்கவில்லை. வேண்டிக் கட்டியதா என்று கேட்டார். அதைக் கட்டியவன் நான், என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த பட்டு நூல் என்றார். இந்த மரம் காய்ப்பதில்லை, வெளியூர் மரத்து மகரந்தத்தைத் தபாலில் வரவழைத்துக் குறிப்பிட்ட பூக்களில் தடவிக் காய் பிடிக்கிறதா என்று பார்க்கிறேன், ஞாயிறு மாலை அடையாளம் கட்டிவிட்டுப் போனால் திங்கள் காலை பூ இல்லை, இரண்டு வாரத்தில் பத்துப் பூ என்றார்.

அவர் பத்து என்று சொன்னபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் சொன்னதை அஞ்சலைக்குத் தமிழில் சொன்னேன். அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "தொரை கட்டுனதா? எனக்கெப்படிங்க தெரியும்?" என்றாள். எனக்கும்தான் எப்படித் தெரியும்? அதை அப்போதே சொல்லியிருந்தால் எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். துரை சிரித்திருக்கக்கூடக் கூடும். நான் சொல்லவில்லை.

அறையில் இருந்த பூக்களைப் பற்றித் துரை கேட்டார்.

"அது விழுந்த பூவுங்க. ஐயாவுக்குன்னு எடுத்து வெச்சது. ஐயா வேணான்னுட்டாங்க, சாமிக்கு வெச்சேன்."

விழுந்த பூக்களைச் சாமிக்கு வைத்ததாகச் சொல்கிறாள் என்று மொழிபெயர்த்தேன். ஐயா வருகிற இரண்டு வாக்கியங்களையும் விட்டுவிட்டேன்.

கடைசியாகத் துரை கேட்டார்: பூக்களைப் பறித்தது யார் என்று இவளுக்குத் தெரியுமா?

நான் அதைத் தமிழில் கேட்டேன். என் வாயால், அவளிடம், யார் பறித்தது தெரியுமா என்று கேட்டேன்.

அஞ்சலை என் குடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. "எனக்கு இங்கிலீசு வராதுங்க. நீங்களே சொல்லிருங்க ஐயா," என்றாள்.

துரை என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணினேன். எனக்குத் தயக்கம் வந்தால் எண்ணுவது வழக்கம். இவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லையாம் என்றேன்.

துரை கையிலிருந்த டப்பாவை மூடினார். மேலிடத்திலிருந்து நான்கு பேரைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, யாரை என்று தெரியாமல் இரண்டு வாரமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன், சந்தேகம் உள்ளவளை வைத்துக்கொண்டு மற்றவளை அனுப்புவது நியாயமில்லை என்றார். அதை நான்தான் தமிழில் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் துடைப்பத்தை மரத்தில் சாய்த்து வைத்தாள். நூலை அவிழ்த்துத் துரையிடம் நீட்டினாள்.

அவள் போனபின் துரை எனக்கு நன்றி சொன்னார். உங்களுக்கு நான் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். அந்த நேரத்தில் நான் கேட்டது என்ன தெரியுமா? இன்னும் நான்கு திங்கட்கிழமை மிச்சம் இருந்தது. பூஜைக்கு வாரம் ஒரு பூ எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். இவ்வளவு யோக்கியமாகக் கேட்கிறவர் இருக்கிறாரே என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

5

மறுநாள் தோட்டத்துக்குப் போகவில்லை. புதன்கிழமை போனேன். மண்டோர் தானே வந்து சொன்னான்: வேலை இல்லாதவர்களை ஊருக்கு அனுப்பும் டிப்போவில் அஞ்சலை பெயர் கொடுத்திருக்கிறாள். அடுத்த புதன் கப்பல். "திருட்டுப் பட்டம் கட்டியாச்சு, இனிமே இந்தப் பட்டணத்துல எவன் வேலை குடுப்பான்?" என்றான். அதைச் சொன்னபோது அவனுக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அவன் பெயர் நான்கில் இல்லை என்ற நிம்மதி.

வியாழக்கிழமை வந்தது முதல் சீட்டு.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு ராஜனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யாருக்காகப்பா பறிச்சீங்க?"

"உனக்காகத்தான்."

"நான் கேட்டேனா? சரி. இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"துரைகிட்டே சொல்லப் போறேன்."

அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். "எங்க பெரிய துரையும் அவரும் ஒரே கிளப்புல சீட்டாடுற ஆளுங்கப்பா. திங்கட்கிழமை லிஸ்ட் வருது. 'ராஜனோட தகப்பன் தோட்டத்துல பூத் திருடிட்டு ஒரு கூலிப் பொம்பள மேல பழியப் போட்டாரு'ன்னு ஒரு பேச்சு போதும். நீங்க சும்மா இருங்க லா. திங்கட்கிழமை வரைக்கும்."

"அவளுக்குப் புதன்கிழமை கப்பல்."

"அதான் செவ்வாய் இருக்குல்ல?"

அவன் சொன்னதில் கணக்குச் சரியாக இருந்தது. கணக்குச் சரியாக இருந்தால் எனக்கு உடனே மனம் அடங்கிவிடும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தோட்டத்துக்குப் போய்வந்தேன். குரங்குகளை எண்ணினேன். குளத்தில் அல்லி பத்தொன்பது. காலை வெயில் மலையிலிருந்து இறங்கிப் புல்லில் விழுவது எப்போதும்போல் அழகாகத்தான் இருந்தது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை லிஸ்ட் வந்தது. ஏழு பெயரில் ராஜன் இல்லை. மருமகள் பாயசம் வைத்தாள். இரண்டு தம்ளர் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குத் தோட்டத்து ஆபீஸில் நின்றேன். துரை மலைமேல் பங்களாவுக்கு ஓய்வுக்குப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை வருவார் என்றான் அங்கிருந்த இளம் கிராணி. என்ன விஷயம் என்று கேட்டான். நேரில்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவனிடம் சொல்லியிருக்கலாம். எழுதியாவது கொடுத்திருக்கலாம். என்னைப் போலவே கறுப்புக் கோட்டுப் போட்ட பையனிடம் வாய் வரவில்லை. பத்து மணிக்குத் தொழிலாளர் ஆபீஸுக்குப் போனேன். ஒருத்தியின் பெயரை நிறுத்திவைக்க முடியுமா என்றேன். வேலை கொடுத்தவரிடமிருந்து மறுபடி சேர்த்துக்கொள்வதாகக் கடிதம் வேண்டும் என்றார்கள். நியாயம்தான். என் காலத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அந்த மரத்தடியிலிருந்து செவ்வாய் பகல் வரை உண்மையைச் சொல்ல எனக்கு வாய்த்த சந்தர்ப்பங்கள் பதினாலு. கடைசி இரண்டில்தான் முயன்றேன். அதிலும் முழுசாக இல்லை.

6

புதன்கிழமை காலை துறைமுகத்துக்குப் போனேன். கப்பல் தூரத்தில் நின்றது. ஆட்களை வரிசையாக உட்காரவைத்துப் பெயர் கூப்பிட்டுப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தகரக் குவளை, ஒரு மூட்டை. ஆறு வரிசை. நான்காவது வரிசையில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தப்பு என்னுது அஞ்சலை," என்றேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்களே."

"அப்புறம் ஏன் நீ சொல்லல? மலாயில ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா எடுபடுமா ஐயா? நீங்க சொன்னாத்தான எடுபடும். அதான் உங்களையே சொல்லச் சொன்னேன்."

பக்கத்திலிருந்த ஒருவன், "யாரு, சொந்தக்காரரா?" என்று கேட்டான். "தோட்டத்துக்கு வர்ற ஐயா," என்றாள்.

வெள்ளிக்கிழமை துரை வந்ததும் சொல்லி அவளைத் திரும்ப அழைப்பதாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். கப்பல் போனால் திரும்ப அழைக்கிற வழி எதுவும் அந்த வருஷத்தில் இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஐயா ஒண்ணு செய்யணும்," என்றாள். "அண்ணன் வூட்டுலதான் போயி நிக்கணும். பொண்டாட்டி பேச்சக் கேக்குறவரு. ஏன் அனுப்புனாங்கன்னு கேப்பாங்க. நம்மூருப் பக்கத்து ஆளுங்க நாலு பேரு இதே கப்பல்ல வராங்க, மண்டோரு அவங்க காதுலயும் போட்டு வெச்சிருக்கான். களவாணின்னு பேரோட போனா திண்ணையிலகூடப் படுக்க வுட மாட்டாங்க. ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. அங்க வாத்தியாரு இருக்காரு, படிப்பாரு."

என் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். மறுபக்கத்தில் போன மாதத்துக் குரங்குக் கணக்கு இருந்தது. முழங்காலில் வைத்து எழுதினேன். இதைக் கொண்டுவரும் அஞ்சலை பினாங்கில் ஒரு தோட்டத்தில் ஐந்து வருஷம் வேலை செய்தவள், நல்ல நடத்தை உள்ளவள், அங்கே சில பூக்கள் காணாமற் போனதற்கும் இவளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. தேதி போட்டேன். கீழே, இவளை அறிந்த ஒருவர் என்று எழுதினேன்.

என் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். ராஜனுக்கு வேலை தங்கிவிட்டது. இனி என்ன பயம்? அதுவும் கடலுக்கு அப்பால் போகிற தாள். ஆனால் கப்பல் போய்ச் சேரும் நாகப்பட்டினத்திலும் எனக்கு உறவினர் இருக்கிறார்கள். பினாங்கில் பெரிய உத்தியோகம் பார்த்தவன் என்று அவர்களுக்கு நினைப்பு. பேனா அங்கேயே நின்றது. பிறகு மூடிவிட்டேன்.

அவள் தாளை வாங்கி, எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"யாரு எடுத்தாங்கன்னு எழுதியிருக்குங்களா?"

"எழுதியிருக்கு," என்றேன்.

அவள் தாளை எட்டாக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். "போதுங்க," என்றாள். பெயர் கூப்பிட்டார்கள். குவளையை எடுத்துக்கொண்டு படகில் இறங்கினாள்.

7

அதற்குப் பிறகு நான் துரையிடம் போகவில்லை. போய் யாருக்கு என்ன ஆகப் போகிறது என்று ராஜன் சொன்னான், நானும் ஒத்துக்கொண்டேன். பதினாறு திங்கட்கிழமை வேண்டுதல் பன்னிரண்டோடு நின்றது. கேட்டது கிடைத்துவிட்டதால் யாரும் அதை என்னிடம் கேட்கவில்லை. துரை மாற்றலாகிப் போனார். புதிய துரையும் சீட்டில் கையெழுத்துப் போடுகிறார். மரம் அந்த வருஷம் காய்த்ததா என்று பார்த்தேன். இல்லை.

எல்லா நாளும் தோட்டத்துக்குப் போகிறேன். நின்றுவிட வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். நிற்க முடியவில்லை. காலையில் அந்தப் புல்லும் தண்ணீர்ச் சத்தமும் இல்லாமல் எனக்கு நாள் ஓடாது. அப்படி ஒரு சந்தோஷத்துக்கு எனக்குப் பாத்தியதை உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் போகிறேன்.

என் மனத்தில் அடிக்கடி வருவது மரத்தடி அல்ல, நான் பார்க்காத ஓர் இடம். ஏதோ ஒரு வாசலில் அண்ணன், அண்ணன் மனைவி, நாலு பேர். வாத்தியார் தாளைப் பிரிக்கிறார். அஞ்சலை நிமிர்ந்து நிற்கிறாள், ஏனென்றால் பெயர் எழுதியிருக்கிறது. வாத்தியார் கடைசி வரி வரை வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்க்கிறார். பின்னால் குரங்குக் கணக்கு. "யாருன்னு போடலியே அம்மா," என்கிறார். அதற்குமேல் என்னால் நினைக்க முடிவதில்லை.

துறைமுகத்தில் அவள் சொன்ன ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, உப்பளம் தாண்டி. அண்ணன் பெயர் சிங்காரம். இந்தப் பத்திரிகை அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் போகிறது என்று ஆசிரியர் முன்பு எனக்கு எழுதியிருந்தார். படிக்கத் தெரிந்த யாராவது இதைக் கொண்டுபோக வேண்டும். அஞ்சலைக்குத் தனியாக வாசிக்க வேண்டாம், அவளுக்கு இது எல்லாம் தெரியும். அவள் அண்ணன் வீட்டாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தெருவில் கேட்கும்படி வாசியுங்கள்.

எழுதி முடித்ததை ராஜனிடம் காட்டினேன். அவனுக்குத் தமிழ் படிக்க நேரமாகும். இரண்டு சாயங்காலம் எடுத்துக்கொண்டான். "கதை எல்லாம் போடுங்க, பேர மட்டும் போடாதீங்கப்பா," என்றான். இதுவரை இங்கே நான் எழுதிய ஆறு குறிப்புகளும் 'பினாங்குவாசி' என்ற பெயரில் வந்தவை. பினாங்கில் குடியிருக்கும் நம்மவர் ஆயிரக்கணக்கானவர். அவர்களில் யாரும் இதைச் செய்யவில்லை.

அந்தப் பத்துப் பூக்களையும் பறித்தவன், அஞ்சலை சொன்னதைத் துரையிடம் சொல்லாமல் விழுங்கியவன், தன் பெயரை எழுதாமலே எழுதியிருக்கிறது என்று அவளிடம் சொன்னவன்:

நா. சோமசுந்தரம்,
ஓய்வுபெற்ற கிராணி, பினாங்கு.